தோணி வருமுன் வெட்டிய முடி

கொழும்பில் குண்டு விழுந்த வருஷம். நான் அப்போதுதான் எஸ்.எஸ்.எல்.சி. பரீட்சை எழுதி முடித்திருந்தேன். தூத்துக்குடியில் எங்கள் வீட்டிலிருந்து கடற்கரை கூப்பிடு தூரம். வீட்டில் இருந்தால் கடற்கரைக்குப் போகவேண்டும் போலிருக்கும். கடற்கரையில் நின்றால் இதற்குள் வீட்டுக்கு ஏதாவது சேதி வந்திருக்குமோ என்று திரும்ப ஓடவேண்டும் போலிருக்கும். அந்தக் கோடை முழுக்க என் செருப்பு தேய்ந்தது இப்படித்தான்.

அப்பா தோணித் தண்டல். தோணியில் பாய் விரிப்பதிலிருந்து நங்கூரம் இறக்குவதுவரை தண்டல் சொல்வதுதான் சட்டம். வெங்காயமும் மிளகாய் வற்றலும் ஏற்றிக்கொண்டு கொழும்புக்குப் புறப்பட்டவர், “ஈஸ்டருக்கு வந்துருவேன்” என்று சொல்லிவிட்டுப் போனார். ஈஸ்டர் அன்றைக்குத்தான் அங்கே குண்டு விழுந்தது. அதன்பின் தபாலும் இல்லை, தந்தியும் இல்லை. அங்கிருந்து ஒன்றிரண்டு தோணிகள் திரும்பின. அந்த ஆட்களைப் பிடித்துக் கேட்டேன். ஒருவர், “துறைமுகத்துக்குள்ள பாத்த மாதிரிதான் இருக்கு” என்றார். இன்னொருவர், “நாங்க பாய் விரிக்கும்போது அங்கன அந்தத் தோணி இல்ல” என்றார். சித்திரை போய் வைகாசி வந்துவிட்டது. கச்சான் காற்று பலத்துக் கடல் முறுக்கிக்கொண்டால் அப்புறம் சில மாசத்துக்குத் தோணி ஓட்டம் கிடையாது. அதற்குள் வந்தால்தான் உண்டு.

எங்கள் தெருவில் ஒரு வழக்கம் இருந்தது. வீட்டு ஆண்பிள்ளை தோணியில் போயிருந்தால், அவர் திரும்பிக் கரையில் கால் வைக்கும்வரை வீட்டிலிருக்கிற மற்ற ஆண்கள் முடி வெட்டமாட்டார்கள், சவரம் செய்யமாட்டார்கள். போய்வர இரண்டு மூன்று வாரம்தானே, யாருக்கும் இது பெரிய சிரமமாகத் தெரிந்ததில்லை. ஆனால் தோணி வராமலே ஒரு வீட்டில் முடி வெட்டினால், அதற்குத் தெருவில் ஒரே அர்த்தம்தான். சேதி வந்துவிட்டது, இனிமேல் காத்திருக்க ஆள் இல்லை.

எங்கள் வீட்டில் அப்போது ஆண்கள் இரண்டே பேர். ஒன்று நான். இன்னொன்று பாட்டா, அப்பாவைப் பெற்றவர். அவரும் பழைய தண்டல்தான். ஒரு கண்ணில் புரை விழுந்த பிறகு கடலை விட்டுவிட்டுக் கிழிந்த பாய்களுக்கு ஒட்டுப் போட்டுக்கொடுத்துக்கொண்டிருந்தார். அந்த வைகாசியில் அவருடைய தாடி நெஞ்சில் இடித்தது. எனக்கோ முடி காதை மூடிப் பிடரியில் சுருண்டு கிடந்தது. கூடப் படித்தவர்கள் பாகவதர் பாகவதர் என்று கேலி செய்தார்கள்.

அம்மா எங்களோடு இல்லை. நிறைமாசம். பழையகாயலில் பிறந்த வீட்டுக்குப் போயிருந்தாள். எனக்குப் பிறகு பிறந்த இரண்டு பிள்ளைகளும் தங்கவில்லை. இதுவாவது தங்கவேண்டுமே என்று எல்லாருக்கும் நெஞ்சில் ஒரு பயம். மருத்துவச்சி அம்மாவைப் பார்த்துவிட்டு, “இந்தப் பொண்ணு அதிர்ந்துபோற மாதிரி எதையும் கொண்டுபோய்ச் சொல்லிராதீங்க” என்று எச்சரித்திருந்தாள். அப்பாவைப் பற்றிச் சேதி இல்லை என்பது அம்மாவுக்கும் தெரியும். அதைத் தாங்கிக்கொண்டுதான் இருந்தாள்.

இப்படி இருக்கும்போது எனக்கு ஒரு இண்டர்வியூ கார்டு வந்தது. எங்கள் துறைமுகத்தில் கப்பல் கரைக்கு வராது, மைல்கணக்கில் தள்ளி நிற்கும். கரைக்கும் கப்பலுக்கும் பேச்சு கொடியாலும் விளக்காலும்தான். யுத்த சமயமல்லவா, அந்த சிக்னல் வேலைக்குப் படித்த பையன்களை எடுத்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு அதில் பைத்தியம். எந்தக் கொடிக்கு என்ன எழுத்து என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். மொட்டைமாடியில் டார்ச் லைட்டை அணைத்து அணைத்துப் பழகப்போய், ஜப்பான்காரனுக்கு சைகை காட்டுகிறாயா என்று போலீஸ்காரர் கீழே நின்று சத்தம் போட்டதும் உண்டு. அப்படிப்பட்டவனுக்குக் கார்டு வந்தால் எப்படி இருக்கும்! மறுநாள் காலை பத்து மணிக்கு வரவேண்டும் என்று போட்டிருந்தது. கார்டு கைக்கு வந்ததே அன்று காலையில்தான்.

கண்ணாடியைப் பார்த்தேன். இந்தத் தலையோடு எந்த துரையும் என்னைக் கதவுக்கு உள்ளே விடமாட்டான். ஆனாலும் வெட்டுவதாக எனக்கு எண்ணமே இல்லை. எண்ணெய் தேய்த்துப் படிய வாரிப் பார்த்துக்கொண்டிருந்தேன். பின்னால் வந்து நின்ற பாட்டாதான் முதலில் பேச்செடுத்தார்.

“ஏலே, சலூனுக்குப் போ. வெட்டிட்டு வா.”

எனக்கு நம்பமுடியவில்லை. “தோணி வரலியே பாட்டா?”

“போனவனுக்காகக் காத்துக்கெடக்க நான் ஒருத்தன் போதும். நீ ஆபீசுக்குப் போ. இந்த வீட்டுல அடுத்தவனும் கடலப் பாத்துப் போகவேண்டாம்.”

சலூனுக்குப் போனேன். சலூன்காரர் என்னைக் கண்டதும் கத்தியைத் தொட்டிக்குள் போட்டுவிட்டார். “தண்டல் வரட்டும் தம்பி. வந்த அன்னைக்கு நானே வீட்டுக்கு வந்து வெட்டுதேன், காசு வேண்டாம்” என்றார். கார்டைக் காட்டினேன். திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “இங்கிலீசுல என்ன எழுதியிருந்தாலும் உங்க வீட்டுத் தலையில நான் இப்பம் கத்தி வைக்கமாட்டேன்” என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்.

வந்து சொன்னேன். பாட்டா எழுந்தார். உள்ளே போய்ப் பாய் வெட்டுகிற கத்தரியை எடுத்துவந்தார். தோணிப் பாய் என்றால் கித்தான் துணி. அதை வெட்டுகிற கத்தரி எப்படி இருக்கும் என்று நினைத்துப்பாருங்கள். என் முழங்கை நீளம். பின்வாசலில் முருங்கை மரத்தடியில் கிடந்த கயிற்றுச் சுருளில் என்னை உட்காரவைத்து, என் தோளில் ஒரு பழைய பாய்த்துண்டைப் போர்த்தி, வேலையைத் தொடங்கினார்.

அவர் வெட்டியதை வெட்டு என்று சொல்வதா, அறுப்பு என்று சொல்வதா தெரியவில்லை. குனியும்போதெல்லாம் அவர் தாடி என் பிடரியில் உரசிக் கூசியது. நான் நெளிந்தேன். என்னால் அசையாமல் உட்காரவே முடியாது.

“ஆடாதலே. காது போயிட்டுன்னா ஒட்டுப் போட என்கிட்ட ஊசி இருக்கு, நூலும் இருக்கு.”

“இண்டர்வியூவுக்குக் காது வேணும் பாட்டா.”

“அப்பம் பேசாம இரி.”

கொஞ்சநேரம் கழித்து எட்டி நின்று ஒற்றைக் கண்ணால் பார்த்தார். “எடது பக்கம் கொறஞ்சிட்டு” என்றார். சரியாக்க வலது பக்கம் வெட்டினார். மறுபடி பார்த்தார். “இப்பம் வலது பக்கம் கொறஞ்சிட்டு.” பாயின் இரண்டு ஓரத்தையும் சமம் பார்க்கிற மாதிரியே பார்த்துப் பார்த்து வெட்டினார். இப்படி இடமும் வலமும் மாறி மாறிக் குறைந்துகொண்டே போய், கடைசியில் தடவிப்பார்த்தேன். கைக்கு முடியே தட்டுப்படவில்லை. அறுவடை முடிந்த வயலில் தாள் குத்துகிற மாதிரி இருந்தது.

“பாட்டா, என்ன இது?”

“ரெண்டு பக்கமும் சமமா இருக்குல்லா?”

அந்தச் சமயம்தான் எதிர்வீட்டு மாமி முருங்கைக்கீரை ஒடிக்கப் பின்வாசல் வழியாக வந்தாள். மாமி நல்ல மனசுக்காரி. அம்மா ஊருக்குப் போன நாளிலிருந்து எங்களுக்குக் குழம்பு கொடுத்துவிடுவது அவள்தான். வந்தவள் என்ன பார்த்தாள் என்று யோசியுங்கள். தலை குனிந்து ஓட்ட வெட்டின தலையோடு நான். தரையெல்லாம் முடி. பக்கத்தில் பாட்டா கத்தரியைக் கீழே போட்டுவிட்டுத் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருக்கிறார். புரை விழுந்த கண், உற்றுப்பார்த்தால் நீர் கொட்டும். மாமிக்கு அது எப்படித் தெரியும்?

“ஏ மாதாவே!” என்று ஒரு சத்தம். அவ்வளவுதான், திரும்பி ஓடினாள்.

“இவளுக்கு என்ன வந்துட்டு? கீரை ஒடிக்காமலே போறா?” என்றார் பாட்டா.

நானும் சிரித்தேன். உண்மையாகவே எங்கள் இருவருக்கும் புரியவில்லை. கீழே கிடந்த முடியைக் கூட்டி அள்ளி, நான் குளிக்கத் தண்ணீர் இறைத்துத் தலையில் ஊற்றும்போது தெருப்பக்கம் ஒரு அழுகைக் குரல் கேட்டது. அப்புறம் இன்னொன்று. எங்கள் தெருவில் எந்த அழுகை எதற்கென்று குரலைக் கேட்டாலே தெரியும். இது சாவு அழுகை. வாளியைப் போட்டுவிட்டு ஓடினேன். பாட்டா எனக்கு முன்னால் வாசலில் நின்றார். ஏழெட்டுப் பெண்கள் தலைவிரி கோலமாய் எங்கள் வீட்டை நோக்கி வந்துகொண்டிருந்தார்கள். என் தலையைப் பார்த்ததும் அழுகை இரண்டு மடங்காயிற்று.

“நிறுத்துங்கட்டீ!” என்று பாட்டா ஒரு அதட்டுப் போட்டார். புயலில் பாய் இறக்கச் சொல்லிக் கத்திய குரல் அது. தெருவே அடங்கியது. “ஒரு சேதியும் வரல. எவன் சொன்னான் ஒங்களுக்கு?”

ஒரு கிழவி மெல்லச் சொன்னாள், எதிர்வீட்டு மாமிதான் சொன்னாள் என்று. மாமி எங்கே என்று கேட்டதற்கும் அந்தக் கிழவிதான் பதில் சொன்னாள்.

“அவ பழையகாயல் பஸ்ஸுக்கு ஓடிட்டா. நெறமாசக்காரிகிட்டக் கண்டவன் போய்ப் போட்டு ஒடச்சிராம, தானே பக்கத்துல இருந்து பதனமாச் சொல்லணும்னு போயிருக்கா.”

பாட்டா என் தோளைப் பிடித்துத் தெருவில் தள்ளினார். “நீ உங்கம்மையப் பாரு. நான் கோவில் மணியப் பாக்கேன்.”

மாதா கோவிலில் துக்க மணி அடித்துவிட்டால் அப்புறம் ஊரை நிறுத்தமுடியாது. அவர் வேட்டியை மடித்துக்கட்டிக்கொண்டு அந்தப் பக்கம் விரைய, நான் இந்தப் பக்கம் ஓடினேன்.

பஸ் ஸ்டாண்டில் பஸ் போய்விட்டிருந்தது. பக்கத்துப் பலசரக்குக் கடை அண்ணாச்சியிடம் சைக்கிள் உண்டு. போய் நின்றால், அவர் கடைப் பலகையை எடுத்துச் சாத்திக்கொண்டிருக்கிறார்.

“அண்ணாச்சி, சைக்கிள் வேணும்!”

“எடுத்துக்கோ ராசா. எங்கெங்க சொல்லணுமோ போய்ச் சொல்லிட்டு வா. எப்பம் வந்துச்சு சேதி?”

“சேதியே வரல அண்ணாச்சி.”

“பின்ன மொட்டை?”

“மொட்டை இல்ல, கிராப்பு!”

அண்ணாச்சி என் தலையை ஒருதரம் பார்த்தார். “இதுக்குப் பேரு கிராப்பாலே?” என்றார். கையில் இருந்த பலகையைத் திறப்பதா சாத்துவதா என்று தெரியாமல் அவர் நிற்க, நான் சைக்கிளில் ஏறிவிட்டேன்.

பன்னிரண்டு மைல். தெற்கே போகிற ரோடு. கச்சான் எதிர்த்து அடித்தது. அந்தக் காற்றில் சைக்கிள் மிதிப்பது மணலில் படகு தள்ளுவது மாதிரி. இரண்டு பக்கமும் உப்பளம். வெயிலில் பாத்திகள் கண்ணைக் குத்தின. என் மனசில் ஓடியதெல்லாம் மாமி போய் அந்த வாசலில் ‘ஏ மாதாவே’ என்று நிற்கிற காட்சிதான். மிதி, மிதி, மிதி. பெட்ரோல் கிடைக்காத காலம். பஸ்ஸெல்லாம் பின்னால் அடுப்பு மாட்டிக்கொண்டு கரி வாயுவில் ஓடின. அதை நம்பித்தான் நான் மிதித்தேன். கரி பஸ் நடுவழியில் நின்றே தீரும்.

முள்ளக்காடு தாண்டினதும் தூரத்தில் புகை. பஸ் நின்றிருந்தது. கண்டக்டர் இறங்கி அடுப்பைக் கம்பியால் கிளறிக்கொண்டிருந்தார். ஜன்னல் ஓரத்தில் மாமி, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு. நான் சைக்கிளை ஜன்னலுக்கு நேரே நிறுத்தினேன். அவள் என்னைப் பார்த்தாள்.

“ஐயோ, இந்தப் பிள்ளையப் பாருங்களேன்! தாயைத் தேடி இந்த வெயில்ல சைக்கிள்ல வாரானே!”

பஸ்ஸே எழுந்து என்னைப் பார்த்தது. யாரோ ‘த்சொ’ கொட்டினார்கள்.

“மாமி, எறங்குங்க. ஒரு சேதியும் வரல. அப்பாவப் பத்தி எங்களுக்கு ஒண்ணுமே தெரியாது. பாட்டா சும்மா முடி வெட்டுனாரு!”

“சும்மா வெட்டுவாங்களாய்யா?” மாமி கையை நீட்டி என் கன்னத்தைத் தொட்டாள். “எனக்குத் தெரியும்யா. ஒனக்கு நம்பமுடியல. அழுதுரு, உள்ள வைக்காத. அம்மாகிட்ட நீ சொல்லவேண்டாம், நான் சொல்லுதேன். சொல்லுத மாதிரிச் சொல்லுவேன்.”

“நாளைக்கு எனக்கு இண்டர்வியூ மாமி! அதுக்குத்தான்!”

“கேட்டீங்களா? என்ன பேசுதோம்னே தெரியாமப் பேசுதான்” என்று பக்கத்து சீட்டுக்காரியிடம் சொல்லி, விட்ட இடத்திலிருந்து அழத் தொடங்கிவிட்டாள்.

இவளோடு பேசிப் பிரயோஜனமில்லை. கண்டக்டரைப் பார்த்து, “அண்ணே, எவ்வளவு நேரமாகும்?” என்றேன். “அது அடுப்பைக் கேளு” என்றார். அது போதும் எனக்கு. பஸ்ஸை முந்திக்கொண்டு பறந்தேன்.

முந்திவிட்டேன் என்ற தெம்பில் கொஞ்சதூரம் போனேன். வெயில் முதுகுப்பக்கமாக இருந்தது. எனக்கு முன்னால் ரோட்டில் என் நிழல் ஓடிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்ததும் என் கால் நின்றுவிட்டது. உருண்டையாக, மழுமழு என்று ஒரு தலை. மூச்சு வாங்க சைக்கிளை மிதித்துக்கொண்டு வருகிற, முடி வெட்டின ஒரு மகன்.

நான் எதைத் தடுக்க ஓடுகிறேனோ அதையே தலையில் வைத்துக்கொண்டு போகிறேன்! மாமி வாயால்தான் சொல்லவேண்டும். எனக்கு வாய் திறக்கவே அவசியமில்லை. வாசலில் போய் நின்றால் போதும், அம்மாவுக்கு முழுக் கதையும் தெரிந்துவிடும். கொடி ஏற்றி சேதி சொல்லப் படித்தவன் நான். அன்றைக்கு நானே தப்பான கொடியாக ஏறிப் பறந்துகொண்டிருந்தேன்.

சைக்கிளைச் சாய்த்துவிட்டுச் சுற்றுமுற்றும் பார்த்தேன். சட்டையைக் கழற்றித் தலையில் கட்டலாமா? வெள்ளைச் சட்டை, துக்கக் கட்டு மாதிரி இருக்கும். மொட்டைத் தலையை விட அது மோசம். வரப்பில் ஒரு பெரியவர் உப்பு வாரிக்கொண்டிருந்தார். தலையில் சிவப்புத் துண்டு கட்டியிருந்தார். அவரிடம் ஓடினேன்.

“ஐயா, அந்தத் துண்டக் குடுங்க. நாளைக்குக் கொண்டாந்து தாரேன்.”

என் தலையைப் பார்த்தார். “எந்த ஊருல துக்கம்?” என்றார்.

“துக்கம் இல்லய்யா. துக்கம்னு எங்கம்மா நெனச்சிரக் கூடாது. அதுக்குத்தான் துண்டு.”

நான் சொன்னது அவருக்கு என்ன புரிந்ததோ தெரியாது. நானே மறுபடி கேட்டால் எனக்கும் புரிந்திருக்காது. அவர் துண்டை அவிழ்த்து, உதறி, உப்புத் தூளைத் தட்டிவிட்டு, தன் கையாலேயே என் தலையில் இறுக்கிக் கட்டிவிட்டார். “காத்துல பறந்துராது. போ” என்று சொல்லிவிட்டு அந்த வெயிலில் வெறும் தலையோடு மறுபடியும் உப்பு வாரப் போய்விட்டார். பேர்கூடக் கேட்கவில்லை நான். அவ்வளவு அவசரம்.

பழையகாயல் வரும்வரை ஒரு வேலை செய்தேன்: அம்மாவிடம் என்ன சொல்வது என்று வாக்கியம் அடுக்கினேன். ‘அப்பாவுக்கு ஒன்றும் இல்லை’ என்று சொல்லலாமா? அது எனக்குத் தெரியாதே. ‘அப்பா நன்றாக இருக்கிறார்’ என்றால் அது பொய். பதறக்கூடாது, பொய்யும் ஆகக்கூடாது, சீக்கிரமும் சொல்லவேண்டும். ஒன்றைச் சேர்த்தால் ஒன்று உதிர்ந்தது.

அம்மாவைப் பெற்ற ஆச்சியின் வீட்டு ஓலை வேலிக்கு வெளியே சைக்கிளைப் போட்டேன். அம்மா வேப்பமர நிழலில் காலை நீட்டி உட்கார்ந்து அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். நான் வேலிக்கு இந்தப் பக்கமே நின்று கத்தினேன்.

“அம்மா! ஒரு சேதியும் வரலம்மா!”

அம்மா தலையை நிமிர்த்திப் பார்த்தாள். முறத்தைக் கீழே வைத்தாள்.

“சேதி வரலன்னு சொல்லவா பன்னெண்டு மைல் வந்தே?”

என் வாக்கியமெல்லாம் எங்கே போயிற்று! “ஆமாம்மா” என்றேன்.

“துண்டு யாருது?”

“ஒரு உப்பளத்துக்காரரு…”

“எடு.”

வேறு வழியில்லை. அவிழ்த்தேன். அம்மாவின் முகம் வெளுத்ததை நான் பார்த்தேன். ஒரு கை வயிற்றின்மேல் போய் அப்படியே நின்றது. நான் வேலியைத் தாண்டி ஓடிப்போய் முன்னால் முட்டிபோட்டு, இண்டர்வியூ, கார்டு, சலூன்காரர், பாய்க் கத்தரி, இடது பக்கம், வலது பக்கம் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டினேன். அம்மா அதில் எதையும் கேட்டதாகவே தெரியவில்லை. நான் மூச்சு வாங்க நிறுத்தினதும் ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

“மாமா தாடிய எடுத்துட்டாரா?”

மாமா என்றது பாட்டாவை.

“இல்லம்மா. அப்படியே இருக்கு. என் பிடரியெல்லாம் ஒரசுச்சு.”

“நல்லாப் பாத்தியா?”

“பாத்தேம்மா. நெஞ்சுவரைக்கும் இருக்கு.”

அம்மா இன்னும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். பெற்ற மகனைத்தான், ஆனாலும் என் வார்த்தை அவளுக்குப் போதவில்லை என்பது தெரிந்தது. அதற்குள் தெருக்கோடியில் மாமியின் குரல் கேட்டுவிட்டது. கரி பஸ் எப்படியோ வந்து சேர்ந்துவிட்டிருக்கிறது. நான் தடுக்க எழுந்தேன். அம்மா என் கையைப் பிடித்து நிறுத்தி, அந்தக் கையையே ஊன்றி எழுந்தாள். வயிற்றைத் தாங்கிக்கொண்டு மெல்ல வாசலுக்கு நடந்து போய், அழுதுகொண்டு வந்த மாமியின் இரண்டு தோளையும் பிடித்துக்கொண்டாள்.

“அக்கா, அழாதீங்க. ஒண்ணு மட்டும் சொல்லுங்க. நீங்க பாத்தப்பம் எங்க மாமாவுக்குத் தாடி இருந்துச்சா?”

மாமி அழுகையை நிறுத்தினாள். வாய் திறந்தபடி இருந்தது. கண்ணை மூடி யோசித்தாள். எங்கள் பின்வாசலை மறுபடி மனசுக்குள் கொண்டுவந்து பார்க்கிறாள் என்று தெரிந்தது. எனக்கு அந்த ஒரு நிமிஷம் சைக்கிள் மிதித்த மூன்று மணி நேரத்தைவிட நீளமாக இருந்தது.

“இருந்துச்சு,” என்றாள் மாமி. அப்புறம் இன்னும் உரக்க, “இருந்துச்சுளா! தாடியில அந்தப் பய முடிகூட ஒட்டிக்கிட்டிருந்துச்சு!”

அம்மா அப்போதுதான் மூச்சு விட்டாள். “அப்பம் சரி,” என்றாள். “அவரு நம்புதாரு.”

இவ்வளவுதான். பாட்டா என் முடியை எதற்கு வெட்டினார் என்பது அம்மாவுக்குப் பெரிய விஷயமே இல்லை. அந்தக் கிழவர் தன் மகனைக் கைவிட்டாரா, இல்லையா? அது மட்டும்தான் அவளுக்குத் தெரியவேண்டியிருந்தது. அது தெரிந்ததும் என் தலையை இழுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்து, “நல்லவேளை, காத விட்டுவச்சிருக்காரு” என்று சொல்லிச் சிரித்துவிட்டாள். மாமிக்கு மட்டும் அழுகை நிற்கவில்லை. இப்போது சந்தோஷத்தில். “நான் பாவி, நான் பாவி” என்று தலையில் அடித்துக்கொண்டாள். அம்மாதான் மோர் கொண்டுவரச்சொல்லிக் கொடுத்து, முதுகைத் தடவிக்கொடுத்தாள். துக்கம் சொல்ல வந்தவளுக்கு, துக்கம் கேட்கவேண்டியவள் ஆறுதல் சொன்ன வேடிக்கையை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

மறுநாள் காலை துண்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, சைக்கிளிலேயே நேரே இண்டர்வியூவுக்குப் போனேன். துரை என் தலையைப் பார்த்து, பட்டாளத்துக்குப் போகவேண்டியவன் வழிதவறி வந்துவிட்டாயா என்று கேட்டார். வேலை கிடைத்தது. அம்மாவுக்கு அடுத்த வாரமே பெண் குழந்தை பிறந்தது. தங்கிற்று. இப்போது என் பேனாவைப் பிடுங்கிக்கொண்டு ஓடுகிற வயசு அவளுக்கு.

அப்பாவும் வந்தார். கடல் முறுக்குவதற்குச் சற்று முன்னால், ஒடிந்த பாய்மரத்தோடு, இளைத்துக் கறுத்துப்போய். குண்டுக்குப் பிறகு கொழும்பை விட்டு விலகிப் போகும்போது மரம் ஒடிந்து, பேர் தெரியாத ஒரு கரையில் ஒதுங்கிக் கிடந்திருக்கிறார்கள். கதையெல்லாம் கேட்டுவிட்டு, “எனக்காக மணி அடிக்கப் பாத்தீகளாக்கும்?” என்று சிரித்தார்.

ஆனால் அப்பா வந்த நாளைவிட எனக்கு அடிக்கடி நினைவுக்கு வருவது பழையகாயலில் அன்று நாங்கள் சாப்பிட்ட மத்தியானச் சாப்பாடுதான். அப்பா இருக்கிறாரா இல்லையா என்று அப்போது எங்களில் யாருக்கும் தெரியாது. காலையில் இருந்ததைவிட ஒரு துளியும் கூடுதலாகத் தெரியாது. இருந்தும் அம்மா இரண்டாம் தரம் சோறு வாங்கிச் சாப்பிட்டாள், மாமி கதை சொன்னாள், நான்கூட எழுந்து ஓடாமல் ஒரு இடத்தில் உட்கார்ந்திருந்தேன். பன்னிரண்டு மைலுக்கு அப்பால் ஒரு கிழவர் இன்னும் காத்திருக்கிறார் என்பது எங்களுக்கு அந்த ஒரு வேளையைக் கடக்கப் போதுமானதாக இருந்தது. ஒருவர் விடாமல் நம்பிக்கொண்டிருப்பது தனக்காக மட்டுமல்ல, நம்ப வலுவில்லாமல் வேறெங்கோ உட்கார்ந்திருக்கிறவர்களுக்காகவும்தான் என்று நான் தெரிந்துகொண்டது அன்றைக்குத்தான்.